வழியனுப்பு உரையின் ஆங்கிலப் பிரதி

அந்த அலுவலகத்தில் வேலை செய்த எங்கள் எல்லோருடைய விரல் நுனிகளும் சிவந்திருந்தன. மருதாணிச் சிவப்பல்ல, கடதாசி விமானச் சீட்டின் பின்புறத்தில் பூசப்பட்டிருந்த கார்பனின் சிவப்பு. அன்றைய விமானச் சீட்டு ஒரு சிறு புத்தகம் போலிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் இதழ். பயணி விமானத்தில் ஏறும் வாசலில் அந்த இதழைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். கிழித்த இதழுக்குக் கூப்பன் என்று பெயர். உலகின் ஏதேதோ நகரங்களில் கிழிக்கப்பட்ட கூப்பன்கள் சாக்குகளில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஏறி, மாத்தளைப் பிரதான வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேலிருந்த எங்கள் மண்டபத்தை வந்தடையும். எந்தக் கூப்பன் எந்தப் பயணத்துக்கு உரியது, அதன் பெறுமதி என்ன, அதில் வேறொரு விமான நிறுவனத்துக்கும் பங்கு உண்டா என்று பார்த்துக் கணினியில் பதிவது எங்கள் வேலை. மாலையில் எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் சிவப்பு முழுதாகப் போகாது. ரத்தோட்டை பஸ்ஸின் கண்டக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, டெய்லி கல்யாணமா?" என்பார். நாங்கள் முப்பத்திரண்டு பேர். எங்களில் ஒருவரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டு, வடக்கே போகும் வீதி திறந்து, வழிநெடுக இருந்த சோதனைச் சாவடிகளில் மணல்மூட்டைகள் குறையத் தொடங்கியிருந்த காலம் அது. வெளிநாட்டுக் கம்பனிகள் வரப்போகின்றன என்று எல்லோரும் பேசினார்கள். எங்கள் ஊருக்கு உண்மையிலேயே ஒன்று வந்தது. கிழக்கே கடல்கடந்த நாடொன்றின் விமான நிறுவனம், தன் சீட்டுக் கணக்கு வேலைக்காக இங்கே வேறொரு பெயரில் ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்தது. கொழும்பில் வாடகையும் சம்பளமும் கூடுதல் என்று மாத்தளைக்கு வந்தார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, வேலை கிடைக்காத, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க விரும்பும் பிள்ளைகள் இங்கே நிறைய இருந்தோம். உக்குவளையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் வந்தோம். கலேவெலயிலிருந்து ஐந்து மணிக்கே பஸ் ஏறி வருகிறவர்களும் இருந்தார்கள். பல்லேகமவிலிருந்து வந்த இருவர் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றவள். அந்த அவமானத்தை ஈடுசெய்ய என்னிடம் ஒரே ஒரு பெருமை இருந்தது. நான் விவாத மேடைக்காரி. பாடசாலை விவாத அணியில் நான்கு வருடங்கள் முதற்பேச்சாளராக இருந்தேன். விவாதம் தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போதுதான் சீட்டுக் குலுக்கி, ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்று தீர்மானிப்பார்கள். மற்றப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பக்கம் விழ வேண்டுமென்று கும்பிடுவார்கள். நான் கும்பிட்டதில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கத்தையே உண்மையாக்கிவிட என்னால் முடியும் என்று நம்பினேன். முகாமையாளர் கொழும்புக்காரர். நேர்முகப் பரீட்சையில் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேசக்கூடிய ஆள் ஒண்டு எனக்கு வேணும்" என்று சொல்லி, என்னைக் குழுத்தலைவியாக எடுத்துக்கொண்டார்.

வேலை தொடங்கி மூன்றாம் வாரம் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். தாய்க் கம்பனியின் தலைமையகத்தில், எங்கள் வேலையையே இருபத்திரண்டு வருடங்களாகச் செய்துகொண்டிருந்த மனிதர். வெளிநாட்டுத் துரை ஒருவர் வருவார் என்று நாங்கள் சேலை உடுத்தி நின்றோம். வேனிலிருந்து இறங்கியவர் எங்கள் சித்தப்பாமாரில் ஒருவரைப் போலிருந்தார். மெலிந்த கறுத்த உருவம், சட்டைப் பையில் இரண்டு பேனைகள், கையில் ஒரு பிஸ்கட் தகரம். "தமிழ்ப் புள்ளைங்கதானே எல்லாம்? அப்ப எதுக்கும்மா இங்கிலீசு?" என்றார். அவருடைய தாத்தாவை இந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏற்றியிருந்தார்கள்; எங்களுடைய தாத்தாமாரைத் தேயிலைக்கு. கப்பல் மாறியிருந்தால் நாமெல்லாம் இடம் மாறியிருப்போம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மாலைக்குள் அவருக்குப் 'பிளேன் அண்ணே' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் என் பக்கத்து மேசைக்காரி. அவள் யாரையும் விட்டுவைக்கமாட்டாள். "பிளேன்ல வந்த மனுசன், இங்க வந்தும் பிளேன்டீயே குடிக்கிறாரே, பால் வாங்க காசில்லயா அண்ணே?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். "பால் போட்டா ருசி தெரியாதும்மா. ஒங்க ஊருத் தேயிலைக்கு அவமானம்" என்றார் அவர்.

அவர் கொண்டுவந்த பிஸ்கட் தகரத்தில் பிஸ்கட் இருக்கவில்லை. ரப்பர் விரலுறைகள் இருந்தன. கூப்பன் கட்டைப் புரட்டும்போது கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் மாட்டிக்கொள்வது. கார்பன் ஒட்டாது, தாளும் வழுக்காது. "எங்க செக்‌ஷன்ல நாப்பது பேரு. எல்லாரும் சேந்து ஒங்களுக்குக் குடுத்து விட்டாங்க. புதுப் புள்ளைங்க கை பழகாமக் கஷ்டப்படும்னு ஒரு அக்கா ராத்திரி உக்காந்து ஜோடி ஜோடியாக் கட்டினாங்க" என்றார். எங்களில் பாதிப் பேர் அவற்றை மாட்டவேயில்லை. வெளிநாட்டுச் சாமான், தேய்ந்துவிடுமென்று கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டோம். என் பக்கத்து மேசைக்காரி தன்னுடையதைக் கொண்டுபோய் வீட்டு அலுமாரியில் வைத்தாள்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஓர் இன்பம். நூறு கூப்பன் கொண்ட கட்டைக் கையில் எடுத்து ஒருமுறை விசிறிவிட்டால், தப்பான பயணத்துக்குரிய கூப்பன் எங்கே நுழைந்திருக்கிறதென்று கண்டுபிடித்துவிடுவார். மிகக் கடினமானவை மறுபதிப்புச் சீட்டுகள். பயணி இடையில் வழியை மாற்றியிருப்பார்; பழைய சீட்டைக் கொடுத்துப் புதியது வாங்கியிருப்பார்; அதையும் கொடுத்து இன்னொன்று வாங்கியிருப்பார். மூன்று நான்கு சீட்டுகள் பின்னோக்கிப் போய் முதற் சீட்டைப் பிடித்தாலொழிய சரியான பெறுமதி தெரியாது. நாங்கள் அதில் தடுக்கி விழுந்துகொண்டேயிருந்தோம். அவர் கோபித்ததில்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவசரப்படாத. இந்த ஆளு எங்கேருந்து கெளம்பினான்னு மட்டும் மொதல்ல தேடு" என்பார்.

எங்கள் வேலை எதற்காக என்பதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். விமானங்கள் கூடிவிட்டன, தலைமையகப் பிரிவால் தனியே சமாளிக்க முடியவில்லை, மிஞ்சுகிற பங்கை மாத்தளை செய்யப்போகிறது. நாங்களும் அப்படியே நம்பினோம். என் தாய் மட்டும் நம்பவில்லை. அவர் நாற்பது வருடம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோட்டம் கம்பனியிடமிருந்து அரசாங்கத்துக்கும், அரசாங்கத்திடமிருந்து மறுபடி கம்பனிக்கும் கைமாறியதை அவர் முதுகில் கூடையோடு நின்று பார்த்திருந்தார். என் நியமனக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். விமான நிறுவனத்தின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை.

"பிளேன் கம்பனியில வேலன்னு சொன்ன. அந்தப் பேரு எங்க?"

"அது அவங்களோட துணைக் கம்பனிம்மா."

"அப்ப பேரு பதிஞ்ச வேலை இல்ல. கைக்காசு."

கைக்காசு என்பது தோட்டத்தில், செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பெயர் பதியாமல், வேலை இருக்கும் அன்றைக்கு மட்டும் ஆள் கூப்பிட்டுச் செய்விப்பது. நான் சிரித்துவிட்டு, உலகமயமாதல் பற்றி அவருக்கு ஐந்து நிமிடம் உரையாற்றினேன். அவர் இடையில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தார்.

பயிற்சி ஏறக்குறைய முடிந்த ஒரு வாரத்தில் அந்த ஃபேக்ஸ் வந்தது. ஆங்கிலக் கடிதங்களை எடுத்துக் கோப்பிலிடுவது என் பொறுப்பாக இருந்ததால், அதை முதலில் வாசித்தவள் நான். பயிற்சியாளர் கையெழுத்திடும் தகுதிச் சான்றிதழ் கிடைத்ததும் தலைமையகத்தின் சீட்டுக் கணக்குப் பிரிவு முழுமையாக மூடப்படும். வேலை அனைத்தும் மாத்தளைக்கு வரும். அந்தப் பிரிவின் ஊழியர்களுக்கு அறிவிக்கும்வரை இது இரகசியம். நான் அதை இரண்டாம் முறையும் வாசித்தேன். கண்ணாடிக்கு அப்பால் பிளேன் அண்ணே ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக் கலேவெலப் பிள்ளையொன்றுக்கு மறுபதிப்புச் சீட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தன் நாற்காலியைத் தானே கழற்றி எங்களுக்குக் கொடுக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை என்று எண்ணினேன். முகாமையாளர் உள்ளே வந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "வாசிச்சாச்சுத்தானே. அவருக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம்" என்றார்.

சான்றிதழில் கையெழுத்திடப் பிளேன் அண்ணே ஒப்பவில்லை. "புள்ளைங்க மறுபதிப்புல இன்னும் வழுக்குதுங்க. இன்னொரு மாசம் இருந்துக்கிறேன்" என்று முகாமையாளரிடம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கொழும்பிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி வந்தது. முகாமையாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் துணை நிறுவனத்தையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், நாங்கள் எல்லோரும் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள், ஒரு நாள் அறிவித்தலில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். வெள்ளிக்கிழமை பிரியாவிடைக் கூட்டமொன்று வைக்கப்போவதாகவும், அதில் நான் பேச வேண்டுமென்றும் சொன்னார். "நீங்க விவாதக்காரிதானே. எங்கட பிள்ளையள் தயார் எண்டு அந்த மனுசனை நம்பப் பண்ணுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் மறுத்திருக்கலாம். அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு நாளும் அவர் என் மேசையருகே வந்து நின்றபோதெல்லாம் அந்த வாக்கியம் என் வாய்க்குள்தான் இருந்தது. மறுபக்கத்தில் என் பக்கத்து மேசைக்காரி இருந்தாள். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பியும் தங்கையும் பள்ளிக்கூடம் போனார்கள். முப்பத்திரண்டு வீடுகளில் அந்தச் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிந்தது. இங்கே முப்பத்திரண்டு, அங்கே நாற்பது. என் முன்னால் குலுக்கிய சீட்டு இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, என் கடமை இந்தப் பக்கத்தைப் பேசுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடைப் பழக்கம் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நான் எந்தப் பக்கம் என்பதை வேறு யாரோ தீர்மானித்துவிட்டால், அதில் எனக்குப் பழியில்லை என்று அந்தப் பழக்கம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் இறுதிச் சோதனையாக ஒரு கட்டுக் கூப்பன் கொடுத்தார். அதில் மறுபதிப்புச் சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லோரும் பிழையில்லாமல் முடித்தோம். மனுசன் கவனிக்காமல் இலேசான கட்டை எடுத்துவிட்டார் என்று பக்கத்து மேசைக்காரி என் காதில் முணுமுணுத்தாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிற்பகலில் மேசைகளை ஒதுக்கிக் கதிரைகளை வரிசையாகப் போட்டோம். கட்லட்டும் கேக்கும் வந்தன. நான் எழுந்து நின்றேன். கையில் குறிப்பில்லை, நான் குறிப்பு வைத்துப் பேசியதில்லை. அவருடைய தாத்தா ஏறிய கப்பலில் தொடங்கினேன். ரப்பர் பால்வெட்டிய கைகளும் தேயிலைக் கொழுந்தெடுத்த கைகளும் இந்த மேசையில் ஒன்றாகச் சேர்ந்ததைச் சொன்னேன். அவர் சாக்குச் சுமக்கும் பியோனாகச் சேர்ந்து, மாலைப் பாடசாலையில் படித்து, இந்தத் தொழிலில் உயர்ந்த கதையை, அவர் எங்களுக்குச் சொன்னதைவிட அழகாக அவருக்கே திருப்பிச் சொன்னேன். ஆசிரியன் தன் மாணவரை நம்பாவிட்டால் தன் கற்பித்தலையே நம்பாதவனாகிறான் என்றேன். அப்படியே ஏறி ஏறி, நான் முன்னிரவே செதுக்கி வைத்திருந்த வாக்கியத்துக்கு வந்தேன். "நாங்கள் உங்கள் நாற்காலிகளைக் கேட்டு வரவில்லை, உங்கள் சுமையில் ஒரு பங்கைக் கேட்டு வந்திருக்கிறோம்." மண்டபம் அசையவில்லை. கீழே இரும்புக் கடையில் கம்பி வெட்டும் சத்தம்கூட நின்றுபோனதாக எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் தாடை வரைக்கும் வந்திருந்தது. முகாமையாளர் சான்றிதழை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனைகளில் ஒன்றை எடுத்துத் திறந்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். நான் அதுவரை வென்ற எந்த விவாதத்திலும் நடுவர் அழுததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். "நீ பேசினத இங்கிலீசுல எழுதித் தர்றியாம்மா? எங்க செக்‌ஷன்ல தமிழ் தெரியாதவங்கதான் நெறைய. அவங்களுக்குக் காட்டணும்." எந்தப் பேச்சாளர்தான் இதை மறுப்பார்? அன்றிரவே எழுதினேன். என் மிக நல்ல கையெழுத்தில், நல்ல தாளில், அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலும் அதே தாளத்தோடு அமைத்து, அடியில் என் முழுப் பெயரும் குழுத்தலைவி என்ற பதவியும் அலுவலக முகவரியும் இட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர் அதை உறையிலிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். எல்லோருக்கும் கை காட்டினார். தன் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை எங்களில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலை முழுதாக எங்களுக்கு வந்தது. சாக்குகள் இரட்டித்தன. நாங்கள் நிரந்தரமாக்கப்பட்டோம் என்று கடிதம் வந்த மாதத்தில் எனக்கு இன்னொரு கடிதமும் வந்தது. தட்டச்சில், மிக மரியாதையான ஆங்கிலத்தில். எழுதியவர் அந்த நாற்பது பேரில் ஒரு பெண். முப்பது வருடம் அங்கே இருந்தவர். விரலுறைகளை ஜோடி ஜோடியாகக் கட்டி அனுப்பியவர் தானே என்று தன்னை அறிமுகம் செய்திருந்தார். பிரிவு மூடப்படுவதாக அறிவிக்கப்பட்ட கூட்டத்துக்கு முந்தின வாரம், உங்கள் உரையை எங்கள் நண்பர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார், நாங்கள் கைதட்டினோம், நகலெடுத்து அறிவித்தல் பலகையில்கூட ஒட்டினோம் என்று எழுதியிருந்தார். நகலையும் இணைத்திருந்தார். நாற்காலி வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு. கடைசியில் ஒரு கேள்வி. இந்த வாக்கியத்தை எழுதியபோது அது பொய்யென்று உங்களுக்குத் தெரியுமா? உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அன்று கைதட்டிய எங்களுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

கடிதத்தின் தலைப்பில் பிரிவின் தொலைபேசி இலக்கம் இருந்தது. மணிக்கூண்டுப் பக்கம், காசு கொடுத்துத் தொலைபேசி பேசும் ஒரு கொமியுனிகேஷன் கடை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அந்த இலக்கத்தை அழைத்தேன். பிளேன் அண்ணேயே எடுத்தார். மூடப்பட்ட பிரிவில் அவர் எப்படித் தொலைபேசி எடுக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவே போயிருந்தேன்.

"மாத்தளையா? எப்படிம்மா இருக்கீங்க எல்லாரும்? அந்த வாயாடி எப்படி இருக்கா?"

"அண்ணே, விரலுறை கட்டிக் குடுத்த ஒங்க அக்கா எனக்குக் கடிதம் போட்டிருக்காங்க. தெரிஞ்சே பொய் சொன்னேனான்னு கேக்குறாங்க." "தெரிஞ்சேதாண்ணே சொன்னேன். நீங்க கையெழுத்து வைக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஃபேக்ஸ் பாத்துட்டேன். ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். என்னய மன்னிச்சிருங்க."



"நீ ஒன்னும் மறைக்கலம்மா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். அங்க வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. செக்‌ஷன மூடுறோம், நீ போயி சொல்லிக்குடுத்து முடிச்சிட்டு வா, ஒனக்கு மட்டும் ஒரு எடம் வச்சிருக்கோம்னாங்க. கடசியில கையெழுத்துன்னு வந்தப்ப கை வரல. ரெண்டு வாரம் இழுத்துப் பாத்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டா அழுதீங்க?"

"அழுதது நெசம்மா."

"அப்ப அந்த இங்கிலீஷ் காப்பி?"

"வெறுங்கையோட போயி அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது? புள்ளைங்க நல்லாப் படிச்சிருச்சு, பங்குதான் கேக்குறாங்கன்னு எழுத்துல இருக்குன்னு காட்டினேன். அப்பறம் விசயம் வெளிய வந்தா, இவனும் நம்மள மாதிரி ஏமாந்துட்டான்னு நெனப்பாங்கல்ல. நெனச்சாங்க. இன்னமும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

கூண்டுக்கு வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டி எவ்வளவு நேரமென்று சைகையால் கேட்டார். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"அந்த அக்காவுக்கு நான் பதில் எழுதணும்" என்றேன்.

"எழுதும்மா. ஒன்னப் பத்தி என்ன வேணும்னாலும் எழுது. என்னப் பத்தி மட்டும் எழுதாத. நான் இதே ஊர்ல அவங்களுக்கு மத்தியில இருக்கணும்."

வெயிலில் நடந்து திரும்பினேன். இரண்டு வாரம் அவருடைய கண்ணைப் பார்க்க முடியாமல் குனிந்து நடந்தவள் நான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், ஓர் அப்பாவி மனிதனைப் பேசியே கவிழ்த்தவள் என்ற எண்ணத்தைச் சுமந்து திரிந்தவள். அந்தக் குற்ற உணர்வுக்கும் உரிமையில்லாமல் போயிற்று. என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை ஒருவரையும் இணங்க வைக்கவில்லை. முன்னமே இணங்கியிருந்த ஒருவருக்கு ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பாக இருந்தது, அவ்வளவே. இலேசான கட்டை அவர் கவனிக்காமல் எடுக்கவில்லை. என் திறமையை அளந்து, என் கர்வத்தை அதைவிடச் சரியாக அளந்து, இரண்டையும் உறையிலிட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் அவரை ஏமாற்றியபோது அவரும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் மேலே, கடலுக்கு அப்பால், இரண்டு பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதி மலிவானதைத் தெரிவு செய்த ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டதுகூடத் தெரிந்திருக்காது.

பிளேன் அண்ணேக்குக் கிடைத்த இடம் அந்த வருட முடிவுவரைதான் நீடித்தது. இது முகாமையாளர் போகிற போக்கில் சொன்னது. எங்கள் மண்டபம் அதன் பிறகும் நாலைந்து வருடம் ஓடியது. சண்டை மறுபடி தொடங்கி, பஸ்களில் மறுபடி பைகளைத் திறந்து காட்டத் தொடங்கிய பிறகும் ஓடியது. கடதாசிச் சீட்டு ஒழிந்து எல்லாம் கணினிக்குள் போனபோது, சாக்குகள் நின்றன. மிஞ்சிய வேலை எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் இன்னொரு நாட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். நாட்டு நிலவரம் காரணமாக மூடுகிறோம் என்று ஒரு தாள் வந்தது. கற்றுக்கொள்ள எவரும் வரவில்லை, வழியனுப்புக் கூட்டம் இல்லை, சான்றிதழில் யாரும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை. எங்களை ஏமாற்ற ஒரு பேச்சாளர்கூடத் தேவைப்படவில்லை. சென்ற மாதம் அந்தப் பக்கம் போனேன். மண்டபத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பு நடக்கிறது. பக்கத்து மேசைக்காரி தையல் ஆலைக்குப் போகிறாள். என் விரல்கள் எப்போதோ வெளுத்துவிட்டன.

கடிதம் எழுதிய அந்தப் பெண்ணுக்கு அன்று நான் பதில் எழுதினேன். நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் ஒரே வாக்கியம். ஆம், எழுதியபோது அது பொய்யென்று எனக்குத் தெரியும். பேசியே பழகிய எனக்கு அவ்வளவு சிறிய கடிதம் எழுதியது அதுவே முதற்தடவை. அதை நேர்மை என்று எண்ணிப் பெருமையும் பட்டேன். உண்மையில் அது பிளேன் அண்ணே கேட்டுக்கொண்டபடியே எழுதப்பட்ட கடிதம். நாற்பது பேரும் ஏமாந்த நண்பனென்று இன்னும் நம்பும் ஒருவருக்காக, இரண்டாம் தடவையும் நானே பேசிக்கொடுத்தேன். அக்கா, நீங்கள் தமிழ் வாசிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் முகவரியும் இப்போது என்னிடம் இல்லை. அந்தக் கடிதத்தில் இரண்டாம் வாக்கியம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவருக்கும் தெரியும்.